மூக்கு லாரிக்குப் புது எஞ்சின்தான்

இசக்கி,

நீ வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பி, கீழே "அப்பா, எது?" என்று கேட்டிருந்தாய். முதல் படத்தில், குர்லா பழைய இரும்புச் சந்தையில் நீ தேடிப் பிடித்த பழைய எஞ்சின். முன்னால் மூக்கு நீண்ட நம் பழைய லாரியில் விரிசல் விட்டுச் செத்துப்போன எஞ்சினுக்குக் கூடப் பிறந்தது மாதிரியே இருக்கிறது. இரண்டாவது படத்தில், கறுப்பு மூடியும் கொத்துக் கொத்தாக வயருமாகப் புது எஞ்சின். பதில் இதுதான்: புது எஞ்சின் போடு. இரண்டு வார்த்தையில் கேட்டவனுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம் தேவைப்படுகிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ பேசுவது எனக்குப் பாதிதான் கேட்கிறது, நான் எழுத வந்த விஷயமும் அதுதான்.

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். உன்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தவன் நான், அதனால் அந்தக் குறையை உன் தலையில் கட்ட மாட்டேன். உமாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல். அவள் தாராவி முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்த பெண், தடங்கலில்லாமல் படிப்பாள். தை மாதம் நம் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறவள், எப்படிப்பட்ட மாமனார் இருக்கிற வீட்டுக்கு வருகிறோம் என்று அவளுக்கும் தெரியட்டும். உன் அம்மாவிடம் போன வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. தட்டை ஓங்கி வைக்கிற அதிர்வில்தான் சாப்பாடு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறேன்.

மாப்பிள்ளைகள் குதிரையில் வருவார்கள், காரில் வருவார்கள். என் மகன் லாரியில் வரப்போகிறான். சுனாபட்டி ஷெட்டில் இத்தனை வருஷம் தூசி தின்றுகொண்டிருந்த வண்டியைக் கழுவி, கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பக்கத்தில் உமாவை உட்காரவைத்து, மாட்டுங்கா மண்டபத்துக்கு நீயே ஓட்டிக்கொண்டு வர வேண்டும் என்று நீ சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன்னிடம் காட்டவில்லை. "பணத்தைக் கொண்டுபோய்ப் பழைய இரும்புல கொட்டுதியே" என்று சத்தம் போட்டேன். அது என் வழக்கம், உனக்குத் தெரியும்.

தொழில் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் அப்பா ஏதோ வருத்தத்தில் எழுதிவிட்டார் என்று நினைப்பாய். பழைய எஞ்சினைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஒருமுறை கசாரா மலைப்பாதையில் டேங்கிலிருந்து வருகிற டீசல் பைப் கிழிந்தபோது, சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் கட்டிக்கொண்டு வாஷி மார்க்கெட் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறேன். புது எஞ்சினில் அதெல்லாம் நடக்காது. ஒரு சென்சார் முறைத்துக்கொண்டால், லேப்டாப் வைத்திருக்கிறவன் வரும்வரை ரோட்டோரம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆனால் மாட்டுங்கா நெரிசலில் அது கொதிக்காது. உமாவின் பட்டுச் சேலையில் கரி அடிக்காது. காலையில் அதைக் கிளப்புவதற்குச் சாமி கும்பிட வேண்டியதில்லை. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டி அசல் எஞ்சினோடு இருந்தால் தனி நம்பர் பிளேட் கிடைக்கும், கண்காட்சியில் நிறுத்தலாம் என்று உன் கிளப் நண்பன் சொன்னானாம். கண்காட்சியில் நிறுத்தவா நான் இந்த வண்டியை வாங்கினேன்? எஞ்சின் மாற்றியதை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டும் என்று அலுத்துக்கொண்டாய். நான் நடக்கிறேன். எனக்கு வேறு என்ன வேலை?

இவ்வளவும் சொன்னாலும் நீ பழைய எஞ்சினைத்தான் கேட்பாய். காரணம் உனக்கு விலையோ நம்பர் பிளேட்டோ இல்லை, சத்தம். போன புதன்கிழமை குர்லா மெக்கானிக் எனக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டேன். "சாச்சா, ஐசா ஆவாஸ் இஸ் எஞ்சின் மே ஆதா ஹி நஹி" என்றார். இந்த எஞ்சினில் அப்படி ஒரு சத்தம் வரவே வராது என்கிறார். எந்தச் சத்தம் என்று கேட்டேன். ரிவர்ஸ் எடுக்கும்போது எஞ்சின் "டம், டம், டம்" என்று உதைக்குமாம். சின்ன வயதில் கேபினில் உட்கார்ந்து நீ கேட்டிருக்கிறாயாம். அந்தச் சத்தம் வருகிற மாதிரி எஞ்சினைக் கட்டிக் கொடுங்கள் என்று நீ அவரிடம் கேட்டாயாம். முப்பது வருஷமாக இதே எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறேன், நான் அப்படி ஒன்றைக் கேட்டதில்லையே என்று அவர் குழம்பிப்போய்விட்டார். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த எஞ்சினுக்குள் அந்தச் சத்தத்தை வைத்தது நான்.

உமாவுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். லாரிக்காரனுக்கு முதுகில் கண் கிடையாது. ஓரம் கண்ணாடியில் தெரியும், பின்பலகைக்கு நேர் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. அதனால் கிளீனர் பின்னால் நின்று வண்டியின் தகட்டைக் கையால் தட்டுவான். மெதுவாக இரண்டிரண்டாகத் தட்டினால், வரலாம். ஓங்கி ஒரே அடி அடித்தால், நில். விடாமல் அடித்தால் ஆபத்து. முதலில் பிரேக்கை மிதி, பிறகு என்னவென்று கேள். என் வண்டியில் அந்தக் கை உன் சுடலைமணி மாமாவுடையது. அம்மாவின் ஒரே தம்பி. மீசை சரியாக முளைப்பதற்கு முன்னால் எங்களோடு வந்து சேர்ந்தவன். மாட்டுங்கா மார்க்கெட் சந்துக்குள் வாழையிலைக் கட்டும் தேங்காய் மூட்டையும் ஏற்றிய வண்டியை நான் பின்னாலேயே கொண்டுபோய்க் கடை வாசலில் நிறுத்துவேன், ஒரு தள்ளுவண்டியைக்கூட இடித்ததில்லை. எல்லோரும் என்னைத்தான் நல்ல டிரைவர் என்பார்கள். அவன் தட்டித் தட்டி, பின்பலகையின் வலது மூலையில் பெயிண்ட் போய் உள்ளங்கை அளவுக்குத் தகடு பளபளவென்று இருக்கும்.

அந்தத் தட்டு எனக்குக் கேட்காமல் போக ஆரம்பித்தது. ஒரே நாளில் இல்லை. நீ ரசிக்கிற அந்த எஞ்சின் சத்தத்தை இருபத்தைந்து வருஷம் மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன், அது காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. முதலில் குருவிச் சத்தம் போனது, பிறகு குக்கர் விசில் போனது. சிக்னலில் பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்து, இறங்கி வந்து ஜன்னலைத் தட்டித் திட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும். லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் ஒரு டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் காது சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். உன் மாமாவிடம்கூட நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் தட்டுவதோடு நிற்காமல் ஓடிவந்து கையைக் காட்டியிருப்பான். டிரைவருக்குக் காது போச்சு என்று மார்க்கெட்டில் பேசுவார்களே என்ற ஒரு பயம்தான் எனக்கு.

தாராவி வீட்டைக் காலி செய்துவிட்டுச் செம்பூருக்கு மாறிய நாள் உனக்கு நன்றாக நினைவிருக்கும், உனக்கு அப்போது பதின்மூன்று வயது. காலை பத்து மணி. சாமான்களைச் சந்து முனையில் குவித்து வைத்திருந்தோம். நீ கேபினில் என் பக்கத்தில், மடியில் சாமி படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் வண்டியைப் பின்னால் எடுத்தேன். குவியலில் இருந்து அம்மிக் குழவி உருண்டு வண்டிக்குப் பின்னால் போய்விட்டது. அதை எடுக்க அம்மா குனிந்தாள். சுடலை பார்த்துவிட்டான். ஒரு கையால் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு, இன்னொரு கையால் தகட்டை அடித்தான். விடாமல் அடித்தான். நீ என் தோளைப் பிடித்து உலுக்கி என்னவோ கத்தினாய். உன் வாய் அசைந்ததைப் பார்த்துத்தான் பிரேக்கை மிதித்தேன். அதற்குள் சக்கரம் உன் அம்மாவின் வலது பாதத்தில் ஏறிவிட்டது. இரண்டு விரல் போனது. அவன் இழுத்திருக்காவிட்டால் ஆளே போயிருப்பாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு போலீஸ்காரர் நோட்டோடு வந்தார். "கிளீனர் தட்டினானா இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி காதைப் பற்றி வரும், லைசென்ஸ் போகும். எண்ணிப் பார்த்தால் ஒரு வார்த்தைதான். ஆனால் அதை ஒருமுறை சொன்னதோடு விட முடியவில்லை. சொந்தக்காரர்கள் வந்து வந்து கேட்டார்கள், ஒவ்வொருவரிடமும் சொன்னேன். மயக்கம் தெளிந்து கண் விழித்த உன் அம்மாவிடமும் சொன்னேன். சுடலை சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். அவன் உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்தது.

"அத்தான், நான் தட்டுனேன் அத்தான்" என்றான்.

"தட்டியிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா மாப்ள?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அந்த லைசென்சில்தான் அக்கா வீட்டில் உலை கொதிக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும். "சரி அத்தான்" என்று மட்டும் சொன்னான். அதன் பிறகு யாரிடமும் அவன் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காததையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அக்கா காலை உடைத்தவன் என்று சொந்தத்தில் பேரானது. அவன் கல்யாண் ஊருக்குப் போய், ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் மூட்டை தூக்கிப் பிழைத்தான். உன் அம்மா அவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஊரில் அவர்கள் அப்பா இறந்தபோது இரண்டு பேரும் ஒரே முற்றத்தில் ஆளுக்கொரு மூலையில் நின்று அழுததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிற வழியில் நீ என்னிடம் சொன்னாய்.

"எப்பா, மாமா தட்டுனாவ. எனக்குக் கேட்டுச்சு. டம் டம் டம்னு."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது எஞ்சின் சத்தம்லே" என்றேன். "ரிவர்ஸ்ல லோடு ஏறும்போது பழைய எஞ்சின் அப்படித்தான் உதைக்கும். நீ சின்னப் பையன், ஒனக்கு என்ன தெரியும்?"

நீ இன்னும் இரண்டு தடவை அதையே சொன்னாய். இரண்டு தடவையும் எஞ்சின்தான் என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. அப்பா லாரிக்காரர், எஞ்சினைப் பற்றி அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாய். உன் காது நன்றாக இருந்தது. உன் காதையே நீ நம்பாதபடி செய்தேன். மாமாவைப் பற்றிப் பேச்சு வந்தால் நீ எழுந்து போவாய், அதற்கும் காரணம் நான்தான். உன் அம்மா காலில் வண்டியை ஏற்றியது என் காது போனதால். அதற்கு என்னை யாரும் மன்னித்துவிடலாம். இந்தப் பொய் வேறு, தெரிந்தே சொன்னது. பதினாறு வருஷம் கழித்து நீ நண்பர்களிடம் "எங்க அப்பா லாரில ஒரு சத்தம் வரும் பாரு" என்று ஆசையாகச் சொல்லி, அந்தச் சத்தத்தைத் தேடிக் குர்லா முழுக்க அலைந்திருக்கிறாய். எந்த எஞ்சினிலும் அது கிடைக்காது மக்கா. அது உன் மாமாவின் கை.

மெக்கானிக் போன் செய்த மூன்றாம் நாள் அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசிவரைக்கும் கேட்டாள், கை மட்டும் நின்றுவிட்டது. அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்களுக்குக் காது கேக்காதுன்னு எனக்கு அப்பமே தெரியும். பொஞ்சாதிக்குத் தெரியாதா? நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். பொய் சொல்லுவியன்னுதான் தெரியாது."

பிறகு காலை நீட்டி, விரல் இல்லாத அந்த இடத்தைப் பார்த்தாள்.

"கால் போனதுக்கு ஒங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கேனா? வண்டின்னா நடக்கத்தான் செய்யும்னு விட்டேன். எந் தம்பிய எதுக்கு எங்கிட்டேருந்து பறிச்சிய?"

கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருக்கிறது ஒன்றுதான். தப்பு செய்தால் அன்றைக்கே உமாவிடம் சொல்லிவிடு. சொல்லத் தள்ளிப்போட்டால் நாளைக்குச் சொல்வது இன்னும் கஷ்டமாக இருக்கும், அடுத்த வருஷம் முடியவே முடியாது. பிறகு உன்னை மாதிரி ஒரு பிள்ளை ஒன்றும் தெரியாமல் வந்து பிடுங்கி எடுத்தால்தான் வெளியே வரும். என் கதை அப்படித்தான் ஆனது.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். இது யோசனை இல்லை, முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை லோக்கல் ரயில் பிடித்துக் கல்யாணுக்குப் போகிறேன். சுடலை கதவைத் திறக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் போவேன், அதற்கடுத்த ஞாயிறும் போவேன். தை மாதத்துக்கு இன்னும் ஒன்பது ஞாயிறு இருக்கிறது. அவன் வந்தாலும் வராவிட்டாலும், மண்டபத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, இதில் எழுதியதை நானே மைக்கில் சொல்லுவேன். கல்யாண வீட்டில் இதெல்லாம் எதற்கு, அப்பா மானம் போகும் என்று நீ தடுக்கக்கூடாது. அவன் மானம் போனபோது நாம் தடுக்கவில்லை. உன் கழுத்தில் தாய்மாமன் மாலை அவன் கையால்தான் விழ வேண்டும். கல்யாணுக்கு நீ என்னோடு வருவாயா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. டோம்பிவிலியில் புது பிளாட்டுக்குச் சாமான் வாங்க நீ எப்படியும் அந்தப் பக்கம் போகிறாய், அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

வண்டி விஷயம். மூக்கு, கேபின், மரப்பலகை எதையும் மாற்றாதே. நீல பெயிண்டே அடி. பின்பலகையின் வலது மூலையில் பளபளவென்று தேய்ந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் படக்கூடாது. பின்னால் கேமரா வைப்பதானால் வை, ரிவர்ஸுக்குப் பீப் பீப் வைப்பதானால் அதையும் வை, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எஞ்சின் புதுசுதான். அதன் சத்தம் நெரிசலில் நின்றால் பக்கத்து ஸ்கூட்டர்காரன் பேசுவது கேட்கும் அளவுக்குத்தான் இருக்கும் என்று மெக்கானிக் சொன்னார். எனக்கு அது போதும். இனிமேல் அந்த வண்டியில் யாரும் எதையும் எஞ்சின் சத்தம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

மாட்டுங்கா மண்டபத்துச் சந்தில் வண்டியைத் திருப்ப இடமில்லை, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ரிவர்ஸில்தான் உள்ளே போக வேண்டும். பூக்காரர்கள், பந்தல்காரர்கள், பிள்ளைகள் என்று பின்னால் கூட்டமாக இருக்கும். உன் அம்மாவும் ஆரத்தித் தட்டோடு அங்கேதான் நிற்பாள். பின்பலகையின் அந்த மூலையில் உன் மாமாவை நான் நிறுத்துவேன். நீ பாட்டையெல்லாம் அணைத்துவிட்டு, ஜன்னலை இறக்கிவிட்டுக்கொள். அவன் தட்டினால் உனக்குக் கேட்கும். அன்றைக்கும் உனக்குக் கேட்டது.

அப்பா